எஸ்ஏபி சிபிஐ-ல (CPI) பொதுவான லாஜிக்கை ஒரே இடத்துல வெச்சுக்கிறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

எஸ்ஏபி க்ளவுட் இன்டகிரேஷன், அதாவது நாம எல்லாரும் இன்னும் சிபிஐ-னே கூப்பிடுற டூல்ல, புதுசா சேர்ந்தவங்க முதல் வாரத்துலயே கத்துக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. பழைய ஐஃப்ளோ (ஒரு சிஸ்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு டேட்டா போற வழி) ஒண்ணை காப்பி பண்ணு, பேரை மாத்து, ரிசீவரை மாத்து, டிப்ளாய் பண்ணு. வேலை சீக்கிரம் முடியும், யாரும் திட்ட மாட்டாங்க. ஆனா அந்த காப்பியோட கூடவே எரர் வந்தா மெயில் அனுப்புற பகுதி, தேதி மாத்துற ஸ்கிரிப்ட், லாக் எழுதுற ஸ்கிரிப்ட் எல்லாமும் காப்பி ஆகுது, அது யார் கண்ணுலயும் படாது.

நான் முன்னாடி இருந்த ஒரு ப்ராஜெக்ட்ல சப்போர்ட் டீமோட மெயில் ஐடி மாறுச்சு. அவ்வளவுதான் மாற்றம், ஒரே ஒரு மெயில் ஐடி. நாப்பதுக்கு மேல ஐஃப்ளோ திறந்து, ஒவ்வொண்ணுலயும் மாத்தி, வெர்ஷன் போட்டு, டிப்ளாய் பண்ணி, டெஸ்ட் பண்ணி, ரெண்டு பேர் நாலு நாள் உக்காந்தோம். அதுலயும் ரெண்டு ஐஃப்ளோ விட்டுப்போச்சு, அதுல ஒண்ணு பேமென்ட் ஃபைல், எரர் மெயில் யாருக்கும் போகாம ரெண்டு நாள் கிடந்துச்சு. அந்த வாரம் முடிஞ்சதும் தான் இதை ஒழுங்கா செய்யணும்னு உக்காந்தோம். அப்போ கத்துக்கிட்டதைத் தான் கீழ வரிசையா எழுதுறேன். உங்களுக்கு ஐஃப்ளோ ஒண்ணு ரெண்டு செஞ்சு பழக்கம் இருந்தா போதும்.

முதல் வேலை: எது பொதுவானதுன்னு கண்டுபிடிக்கிறது

உங்க டெனன்ட்ல (உங்க கம்பெனிக்குன்னு இருக்கிற சிபிஐ இடம்) இருக்கிற பத்து ஐஃப்ளோவைத் திறந்து பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரே மாதிரி இருக்கிற பகுதிகளை ஒரு பேப்பர்ல எழுதுங்க. எரர் அலர்ட், பேலோடை (மெசேஜ்ல இருக்கிற டேட்டா) அட்டாச்மென்ட்டா லாக் பண்றது, தேதி ஃபார்மேட், கஸ்டமர் நம்பர்ல முன்னாடி இருக்கிற சைபரை எடுக்கிறது, யூனிட் மாத்துறது, இப்படி ஒரு லிஸ்ட் வரும்.

இப்போ ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்வி கேளுங்க: நாளைக்கு இது மாறணும்னா எல்லா ஐஃப்ளோவுலயும் ஒரே நேரத்துல, ஒரே காரணத்துக்காக மாறுமா? ஆமான்னா அது பொது. பார்க்க ஒரே மாதிரி இருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற ஆளு கேட்டு மாறும்னா அது பொது இல்ல, இப்போதைக்கு ஒரே மாதிரி இருக்கு அவ்வளவுதான். இந்த ஒரு கேள்வியை விட்டுட்டு மத்ததெல்லாம் செஞ்சாலும் பிரயோஜனம் இல்ல, அதனால தான் இதை முதல்ல வெச்சிருக்கேன்.

நாங்க தப்பு பண்ணின இடமும் இதுதான். ரெண்டு டீலர் சிஸ்டத்துல இருந்து ஆர்டர் வரும், ரெண்டுக்கும் மேப்பிங் கிட்டத்தட்ட ஒண்ணு தான், சரி ஒரே மேப்பிங்கா ஆக்கிடலாம்னு ஆக்கினோம். மூணாவது மாசம் முதல் டீலர் தள்ளுபடி ஃபீல்டு கேட்டாங்க, அடுத்து ரெண்டாவது டீலர் டெலிவரி அட்ரஸை வேற மாதிரி கேட்டாங்க, ஒவ்வொரு மாற்றத்துக்கும் உள்ள ஒரு இஃப் கண்டிஷன் ஏறுச்சு. கடைசியில ஒரு டீலருக்காக மாத்துறப்போ இன்னொரு டீலரோட ஆர்டரையும் டெஸ்ட் பண்ண வேண்டிய நிலைமை, அவங்க டெஸ்ட் டேட்டா குடுக்க ஒரு வாரம். திரும்ப ரெண்டா பிரிச்சோம். பிசினஸ் மேப்பிங்கை பொதுவாக்காதீங்க, அது அந்தந்த பார்ட்னரோட சொத்து.

இன்னொண்ணு, ஒரு விஷயம் ரெண்டு இடத்துல வந்தா பொறுங்க. மூணாவது இடத்துல வர்றப்போ பொதுவாக்குங்க. ரெண்டை மட்டும் வெச்சு டிசைன் பண்ணினா மூணாவது ஆளு வந்ததும் அது பொருந்தாது.

ரெண்டாவது: எந்த வசதியை எதுக்கு

சிபிஐ-ல இதுக்கு அஞ்சாறு வழி இருக்கு, புதுசா வர்றவங்க குழம்புறது இங்க தான்.

ஒரே ஐஃப்ளோவுக்குள்ள ரெண்டு மூணு இடத்துல அதே ஸ்டெப்ஸ் வருதுன்னா லோக்கல் இன்டகிரேஷன் ப்ராசஸ் போதும். ப்ராசஸ் கால் வெச்சு கூப்பிடுங்க, மெசேஜோட கூட வர்ற ஹெடர், ப்ராப்பர்ட்டி மதிப்புகள் எல்லாமே உள்ள அப்படியே கிடைக்கும். ஆனா அது அந்த ஐஃப்ளோவை விட்டு வெளிய வராது.

வெறும் கணக்கு, ஸ்ட்ரிங் வேலை, தேதி வேலைன்னா ஸ்கிரிப்ட் கலெக்‌ஷன். இது பேக்கேஜ்ல தனி ஆர்ட்டிஃபாக்ட், உள்ள க்ரூவி மொழில எழுதின ஃபைல்களைப் போட்டு டிப்ளாய் பண்ணிட்டு, ஐஃப்ளோவுல ரெஃபரன்ஸ் குடுத்து ஸ்கிரிப்ட் ஸ்டெப்ல ஃபைலையும் ஃபங்ஷன் பேரையும் தேர்ந்தெடுக்கணும்.

பல ஸ்டெப், அடாப்டர், வெளி சிஸ்டம் கால் எல்லாம் சேர்ந்த வேலைன்னா தனி ஐஃப்ளோவா எழுதி ப்ராசஸ்டைரக்ட் அடாப்டர் வழியா கூப்பிடுங்க. இது டெனன்ட்டுக்குள்ளயே நடக்குது, நெட்வொர்க்கைத் தாண்டி வெளிய போகாது. கூப்பிடுறவங்க எத்தனை பேர் வேணா இருக்கலாம், ஆனா ஒரு அட்ரஸ்ல அதை வாங்குற ஐஃப்ளோ ஒண்ணு தான்.

ஒரு சிஸ்டத்தோட கோடு (code) அந்தப் பக்கத்து சிஸ்டத்துல என்னன்னு பார்க்கிற டேபிள்ன்னா வேல்யூ மேப்பிங். உதாரணத்துக்கு பீஸ்ங்கிற யூனிட்டுக்கு எஸ்ஏபி-ல உள்ளுக்குள்ள எஸ்டி-னு (ST) இருக்கும், ஐஎஸ்ஓ கோடு பிசிஇ (PCE). இதை ஸ்கிரிப்ட்ல இஃப் எல்ஸ் போட்டு எழுதினா ஒவ்வொரு புது யூனிட்டுக்கும் கோடைத் தொடணும், டேபிளா இருந்தா ஒரு வரி சேர்த்து டிப்ளாய் பண்ணினா முடிஞ்சுது. பார்ட்னருக்கு பார்ட்னர் மாறுற செட்டிங்ஸ்ன்னா பார்ட்னர் டைரக்டரி. டெவ், டெஸ்ட், ப்ரொடக்‌ஷனுக்கு மாறுற யூஆர்எல், க்ரெடென்ஷியல் பேர் மாதிரி விஷயங்கள்ன்னா எக்ஸ்டர்னலைஸ்டு பாராமீட்டர்.

ஸ்கிரிப்டா ப்ராசஸ்டைரக்டான்னு சந்தேகம் வந்தா ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க. ப்ராசஸ்டைரக்ட்ல ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் மானிட்டர்ல அந்த பொது ஐஃப்ளோவுக்குன்னு தனி மெசேஜ் என்ட்ரி விழும். 5000 வரி இருக்கிற ஃபைலை ஸ்ப்ளிட் பண்ணி வரிக்கு ஒரு தடவை கூப்பிட்டா 5000 என்ட்ரி, மானிட்டர்ல வேற எதையும் தேட முடியாது. வரிக்கு வரி பண்ற வேலைன்னா ஸ்கிரிப்ட், மெசேஜுக்கு ஒரு தடவை பண்ற வேலைன்னா ப்ராசஸ்டைரக்ட்.

மூணாவது: பொது பேக்கேஜ், சின்னதா ஆரம்பிங்க

பொது விஷயங்களுக்குன்னு தனி பேக்கேஜ் ஒண்ணு உருவாக்குங்க. ப்ராஜெக்ட் பேக்கேஜுக்குள்ள ஒளிச்சு வெச்சா அந்த ப்ராஜெக்ட் முடியுறப்போ யாராவது க்ளீன் பண்றேன்னு அழிச்சிடுவாங்க. ஆரம்பத்துல அதுல மூணே பொருள் போதும்: எரர் அலர்ட் ஐஃப்ளோ, ஒரு ஸ்கிரிப்ட் கலெக்‌ஷன், ஒரு வேல்யூ மேப்பிங்.

ஸ்கிரிப்ட் கலெக்‌ஷன்ல முதல்ல போட வேண்டியது தேதி. சிபிஐ ரன்டைம் ஓடுறது யூடிசி-ங்கிற உலகப் பொது நேரத்துல, இந்திய நேரம் அதை விட அஞ்சரை மணி நேரம் அதிகம். ஏப்ரல் 1 விடிகாலை 3 மணிக்கு ஓடுற ஜாப், டைம்ஸோன் சொல்லாம இன்னைக்கு தேதி என்னன்னு கேட்டா மார்ச் 31-னு பதில் வரும். இந்தியாவுல நிதியாண்டு மாறுறது ஏப்ரல் 1-ல, அப்போ அந்த டாக்குமென்ட் போன வருஷத்து கணக்குல போய் உக்காரும், ஃபைனான்ஸ் ஆளுங்க அதைத் திருப்ப படுற பாடு கொஞ்ச நஞ்சமில்ல. இதை ஒரே ஒரு ஃபங்ஷன்ல, டைம்ஸோனோட எழுதி எல்லாரும் அதையே கூப்பிட்டா இந்தப் பிரச்சினை ஒரு தடவை தீர்த்தா தீர்ந்தது.

அந்த ஃபங்ஷன் எழுதுறப்போ சிம்பிள்டேட்ஃபார்மேட் ஆப்ஜெக்ட்டை ஸ்டாட்டிக்கா மேல வெச்சுடாதீங்க. அது ஒரே நேரத்துல பல த்ரெட் பயன்படுத்த பாதுகாப்பானது இல்ல, ஒரு மெசேஜோட தேதி இன்னொரு மெசேஜ்ல கலந்துடும், டெஸ்ட்ல வராது, லோடு ஏறுற அன்னைக்கு தான் வரும். ஜாவா டைம் க்ளாஸ்களைப் பயன்படுத்துங்க, அதுல இந்தத் தொல்லை கிடையாது. பொதுவாவே ஷேர் பண்ற ஸ்கிரிப்ட்ல ஸ்டாட்டிக் வேரியபிள் எதுலயும் மெசேஜோட டேட்டாவை வெக்காதீங்க.

அடுத்து நம்பர். ஐடாக்ல (எஸ்ஏபி-யோட டேட்டா டாக்குமென்ட்) நெகட்டிவ் அமௌன்ட் வந்தா மைனஸ் குறி பெரும்பாலும் பின்னாடி இருக்கும், 250.00- மாதிரி. ஜேசன் வாங்குற சிஸ்டம் அதை நம்பராவே ஏத்துக்காது. கஸ்டமர் நம்பர் எஸ்ஏபி உள்ள 10 இடம், முன்னாடி சைபர் நிரப்பி இருக்கும். மெட்டீரியல் நம்பர் பழைய சிஸ்டத்துல 18 இடம், எஸ்/4ஹானாவுல 40 வரைக்கும் போகலாம். அதனால சைபர் நிரப்புற ஃபங்ஷன்ல நீளத்தை உள்ளயே எழுதிடாம பாராமீட்டரா வாங்குங்க. நாங்க 18-னு எழுதி வெச்சிருந்தோம், அப்கிரேடு வந்தப்போ அதை ஒரே இடத்துல மாத்தினது எவ்வளவு நிம்மதியா இருந்துச்சுன்னு இப்பவும் ஞாபகம் இருக்கு.

நாலாவது: எரர் அலர்ட் ஐஃப்ளோ, இதை நிதானமா செய்யுங்க

எல்லாத்தையும் விட பலன் அதிகம் குடுக்கிறது இதுதான், தப்பு நடக்க வாய்ப்பு அதிகமும் இதுல தான்.

புது ஐஃப்ளோ ஒண்ணு, சென்டர் (sender, அனுப்புற) பக்கம் ப்ராசஸ்டைரக்ட், அட்ரஸ் /பொது/அலர்ட்/வி1 மாதிரி. அட்ரஸை நிஜத்துல இங்கிலீஷ் எழுத்துல போடுங்க, ஸ்லாஷ்ல ஆரம்பிக்கணும், கடைசியில வெர்ஷன் நம்பர் கட்டாயம் இருக்கணும், ஏன்னு கீழ வரும். உள்ள ஒரு கன்டென்ட் மாடிஃபையர்ல மெயில் டெக்ஸ்ட் தயார் பண்றது, அப்புறம் மெயில் ரிசீவர். மெயில் ஐடி எக்ஸ்டர்னலைஸ்டு பாராமீட்டர்.

இப்போ கூப்பிடுற ஐஃப்ளோ. அதோட எக்செப்ஷன் சப்ப்ராசஸ்ல (எரர் வந்தா ஓடுற பகுதி) இருந்து ரிக்வெஸ்ட் ரிப்ளை வெச்சு இந்த அட்ரஸைக் கூப்பிடணும். இங்க எல்லாரும் மாட்டிக்கிற விஷயம்: ப்ராசஸ்டைரக்ட்ல எக்ஸ்சேஞ்ச் ப்ராப்பர்ட்டி அந்தப் பக்கம் போகாது. ஹெடர் போகும், ஆனா வாங்குற ஐஃப்ளோவோட ரன்டைம் கான்ஃபிகரேஷன்ல அலவ்டு ஹெடர்ஸ்ல அந்தப் பேர் இருந்தா தான். பிடிச்ச எக்செப்ஷன் ப்ராப்பர்ட்டியா தான் இருக்கு, அதனால அலர்ட் ஐஃப்ளோவுக்குள்ள போய் எக்செப்ஷனைத் தேடினா ஒண்ணுமே இருக்காது. முதல் நாள் நாங்க வெறும் காலி மெயிலா அனுப்பிட்டு இருந்தது இதனால தான்.

அப்போ எரரைப் படிக்கிற வேலை கூப்பிடுற பக்கத்துலயே நடக்கணும், அதுக்கு ஸ்கிரிப்ட் கலெக்‌ஷன்ல ஒரு ஸ்கிரிப்ட். அது எக்செப்ஷனை எடுத்து, எரர் டெக்ஸ்டை பாடில வெச்சு, ஐஃப்ளோ பேர், பிசினஸ் டாக்குமென்ட் நம்பர், எவ்வளவு அவசரம்ங்கிறதை ஹெடர்ல வெக்கும். ஹெச்டிடிபி அடாப்டர் எரர்ல ஒரு நுணுக்கம் இருக்கு: எக்செப்ஷன் மெசேஜ்ல 400 வந்துச்சுன்னு மட்டும் தான் இருக்கும், எதிர் சிஸ்டம் சொன்ன நிஜ காரணம் எக்செப்ஷனோட ரெஸ்பான்ஸ் பாடில இருக்கும். ஸ்கிரிப்ட் அதையும் எடுத்து சேர்க்கட்டும். மெயில்ல "400 பேட் ரிக்வெஸ்ட்"னு மட்டும் வர்றதுக்கும் "ஜிஎஸ்டி நம்பர் தப்பு"ன்னு வர்றதுக்கும் சப்போர்ட் ஆளுக்கு அரை மணி நேர வித்தியாசம், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பார்க்கிறவருக்கு அது பெரிய விஷயம்.

அலவ்டு ஹெடர்ஸ்ல வெறும் நட்சத்திரம் போட்டு எல்லாத்தையும் விட்டுடலாம்னு தோணும், வேலையும் செய்யும். வேண்டாம். ஆத்தரைசேஷன், குக்கி எல்லாம் சேர்ந்து அடுத்த ஐஃப்ளோவுக்குப் போய் அங்க இருந்து வெளி சிஸ்டத்துக்கும் போக வாய்ப்பு இருக்கு. தேவையான நாலஞ்சு ஹெடர் பேரை மட்டும், நடுவுல செங்குத்து கோடு போட்டு எழுதுங்க. அந்த நாலஞ்சு பேர் தான் இந்த ஐஃப்ளோவோட ஒப்பந்தம்.

கூப்பிட்டு முடிச்சதும் எக்செப்ஷன் சப்ப்ராசஸை எதுல முடிக்கிறீங்கன்னு பாருங்க. சாதாரண எண்டு மெசேஜ்ல முடிச்சா மானிட்டர்ல பச்சையா கம்ப்ளீட்டட்னு காட்டும், அனுப்பின சிஸ்டத்துக்கும் எல்லாம் சரின்னு போயிடும், அந்த மெசேஜை யாரும் திரும்ப அனுப்ப மாட்டாங்க. எரர் எண்டுல முடிங்க, அப்போ தான் ஃபெயில்டுன்னு தெரியும்.

ஆனா அலர்ட் ஐஃப்ளோவுக்கு மட்டும் இது தலைகீழ். மெயில் சர்வர் கீழ விழுந்து அலர்ட் ஐஃப்ளோ ஃபெயில் ஆனா, அந்த எரர் ப்ராசஸ்டைரக்ட் வழியா கூப்பிட்ட ஐஃப்ளோவுக்குத் திரும்ப வரும், உண்மையான எரருக்கு பதிலா மெயில் எரரைப் பார்த்துட்டு நீங்க வேற எங்கயோ தேடுவீங்க. அதனால அலர்ட் ஐஃப்ளோவுக்குள்ள ஒரு எக்செப்ஷன் சப்ப்ராசஸ் வெச்சு, எரரை லாக்ல எழுதிட்டு, சாதாரண எண்டுல முடிங்க. இந்த விதிவிலக்கு அலர்ட்டுக்கு மட்டும் தான். விலை தேடுறது, கஸ்டமர் தேடுறது மாதிரி பொது ஐஃப்ளோ எழுதினா அது எரரைக் கட்டாயம் வெளிய தள்ளணும், முழுங்கிட்டா கூப்பிட்டவங்க காலி டேட்டாவை வெச்சு மேல போயிட்டே இருப்பாங்க.

அஞ்சாவது: லாக்

லாக் ஸ்கிரிப்டும் கலெக்‌ஷன்ல ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும். ஆர்டர் நம்பர், இன்வாய்ஸ் நம்பர் மாதிரி தேடக்கூடிய விஷயத்தை கஸ்டம் ஹெடர் ப்ராப்பர்ட்டியா எழுதினா மானிட்டர்ல அதை வெச்சே தேடலாம், முழு பேலோடைத் திறக்கவே வேண்டாம். பேலோடு அட்டாச்மென்ட் போடுறதை ஒரு பாராமீட்டர்ல ஆன் ஆஃப் பண்ற மாதிரி வைங்க, ப்ரொடக்‌ஷன்ல ஆஃப். சம்பளம், ஆதார், பேங்க் அக்கவுன்ட் இருக்கிற பேலோடு லாக்ல கிடக்கவே கூடாது. மெசேஜ் லாக் ஆப்ஜெக்ட் கிடைக்காம நல்-னு (null, காலி) வரவும் வாய்ப்பு இருக்கு, அதை செக் பண்ணிட்டு எழுதுங்க, லாக் எழுத முடியலைன்னு பிசினஸ் மெசேஜ் ஃபெயில் ஆகக் கூடாது.

ப்ராசஸ்டைரக்ட்ல கோத்த ஐஃப்ளோக்களுக்கு கோரிலேஷன் ஐடி ஒண்ணா தான் இருக்கும். மானிட்டர்ல அந்த ஐடியைப் போட்டுத் தேடினா எந்த ஐஃப்ளோ எதைக் கூப்பிட்டுச்சுன்னு மொத்தமா வந்துடும், புதுசா வர்றவங்க இதை முதல் நாளே பழகிக்கோங்க.

ஆறாவது: டிப்ளாய் பண்ற வரிசை

பொது பேக்கேஜ் முதல்ல, மத்தது அப்புறம். டெவ்ல எல்லாம் ஓடும், டெஸ்டுக்கு ப்ராஜெக்ட் பேக்கேஜை மட்டும் டிரான்ஸ்போர்ட் பண்ணிட்டு பொது பேக்கேஜை மறந்துட்டா, டிப்ளாய் ஆனது மாதிரியே இருக்கும், முதல் மெசேஜ் வந்து ப்ராசஸ்டைரக்டைக் கூப்பிடுறப்போ தான் அந்த அட்ரஸுக்கு ஆள் இல்லைன்னு எரர் வரும். எரர் பாதையில மட்டும் கூப்பிடுற அலர்ட்டுன்னா இன்னும் மோசம், முதல் நிஜ எரர் வர்ற வரைக்கும் தெரியாது. அதனால ஒவ்வொரு என்விரான்மென்ட்லயும் வேணும்னே ஒரு எரர் வரவெச்சு மெயில் வருதான்னு பார்த்துட்டு தான் கோ-லைவ்.

ஏழாவது: மாத்துறப்போ என்ன பண்றது

பொது ஐஃப்ளோவை மாத்துறது நாப்பது ஐஃப்ளோவை மாத்துறதுக்கு சமம், அந்த பயம் இருக்கணும். புதுசா ஒரு ஹெடர் சேர்க்கிறது, அது இல்லாட்டியும் பழைய மாதிரியே ஓடும்ங்கிறது மாதிரி மாற்றம்ன்னா வி1-லயே பண்ணலாம். ஹெடர் பேர் மாறுது, பாடி ஃபார்மேட் மாறுது, பதில் மாறுதுன்னா வி1-ஐத் தொடாதீங்க, வி2 அட்ரஸ்ல புது ஐஃப்ளோ டிப்ளாய் பண்ணுங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடட்டும், ஒவ்வொரு டீமும் அவங்க அடுத்த ரிலீஸ்ல மாறிக்கட்டும்.

ஸ்கிரிப்ட் கலெக்‌ஷன்ல இந்த வசதி அட்ரஸ் மூலமா வராது, அதனால ஃபங்ஷனோட நடத்தை மாறுதுன்னா புதுப் பேர்ல புது ஃபங்ஷன் எழுதுங்க, பழசு அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேல கமென்ட்ல நாலு வரி எழுதி வைங்க: எந்த ஹெடரைப் படிக்குது, எதை எழுதுது, காலியா வந்தா என்ன பண்ணும், ஒரு உதாரணம்.

பொது பேக்கேஜோட டாக்குமென்ட் பகுதியில ஒரு டேபிள் வெச்சு, எந்த ஐஃப்ளோ எந்த வெர்ஷனைக் கூப்பிடுதுன்னும் எழுதுங்க. புது ஐஃப்ளோவை ரிவ்யூ பண்றப்போ அந்த டேபிள்ல வரி சேர்ந்திருக்கான்னு பார்த்துட்டு தான் ஓகே சொல்லணும். வி1-ஐ எடுத்துடலாமான்னு கேள்வி வர்றப்போ இந்த டேபிள் இல்லாம பதில் சொல்லவே முடியாது, ஏன்னா மானிட்டர்ல மெசேஜ் லாக் பொதுவா 30 நாள் தான் இருக்கும். ஒரு மாசமா வி1-ஐ யாரும் கூப்பிடலையேன்னு அன்டிப்ளாய் பண்ணிட்டா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஓடுற வரி ரிப்போர்ட் ஐஃப்ளோவோ மார்ச் கடைசியில மட்டும் ஓடுற கணக்கு முடிக்கிற ஐஃப்ளோவோ அதைத் தான் நம்பிட்டு இருக்கும். டேபிள்ல வி1 பக்கத்துல கடைசி ஐஃப்ளோ பேரும் அடிபட்ட அப்புறம் எடுங்க.